பதீஆ மசாப்னி

பதீஆ மசாப்னி (இறப்பு: 1974) எகிப்தின் தலைநகரான கெய்ரோவில் இசை, நடன அரங்குகளை நடத்திய நடனக் கலைஞரும் நாடக நடிகையும் ஆவார். சிரிய-லெபனானியப் பின்னணியைக் கொண்ட இவர், மேற்குலகில் பெல்லி நடனம் என்றும் அரபு மொழியில் ரக்ஸ் ஷர்கி (கீழைத்தேய நடனம்) என்றும் அழைக்கப்படும் ஆடற்கலை அதன் இன்றைய மேடை வடிவத்தைப் பெறுவதற்கு முதன்மையான காரணமாக இருந்தவர்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார். மார்க்கச்சை, இடைக்கச்சை, நீண்ட பாவாடை ஆகியவற்றைக் கொண்ட பத்லா என்னும் நடன உடை பரவியதும் இவருடைய அரங்கின் வழியாகவே ஆகும். இவ்வுடை மிகப் பழமையானது எனப் பலரும் எண்ணினாலும், அது 20ஆம் நூற்றாண்டின் மேடைத் தேவைகளிலிருந்து பிறந்த ஒன்றாகும்.

இளமைக் காலம்

பதீஆ 1890களின் தொடக்கத்தில், அப்போது உதுமானியப் பேரரசின் ஆட்சியில் இருந்த டமாஸ்கசு நகரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானதைத் தம் முதுமைக் கால நினைவுக் குறிப்புகளில் இவர் வெளிப்படையாகப் பதிவு செய்துள்ளார். அந்நிகழ்வுக்குப் பின்னர் ஊராரின் பேச்சுக்கு ஆளான குடும்பம் தென் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே சில ஆண்டுகள் வாழ்ந்த காலத்தில் பதீஆவுக்கு மேடைக் கலைகளில் ஆர்வம் ஏற்பட்டது.

குடும்பம் மீண்டும் சிரியாவுக்குத் திரும்பிய பின்னரும் பழைய நிகழ்வு இவருடைய திருமணத்துக்குத் தடையாகவே இருந்தது. குற்றம் இழைத்தவரை விடப் பாதிக்கப்பட்ட சிறுமியே பழி சுமக்க வேண்டியிருந்த அச்சூழலில், பதீஆ ஊரை விட்டு வெளியேறிக் கெய்ரோவை அடைந்தார்.

நாடகத் துறையில்

அக்காலத்தில் கெய்ரோ அரபு நாடகத்தின் முதன்மையான நகராக விளங்கியது. சிரியாவிலிருந்தும் லெபனானிலிருந்தும் வந்த கலைஞர்கள் பலர் அங்கே நாடகக் குழுக்களை நடத்தி வந்தனர். அவர்களுள் ஒருவரான ஜார்ஜ் அப்யத் என்பவரின் குழுவில் பதீஆ சேர்ந்தார். பின்னர் பெய்ரூட்டின் இரவு அரங்குகளில் பாடியும் ஆடியும் புகழ்பெற்றார். விரல்தாளங்களை இசைத்துக்கொண்டே பாடி ஆடுவது இவருடைய தனித்திறமையாக இருந்தது.

இதன் பின்னர் எகிப்தின் பெயர்பெற்ற நகைச்சுவை நடிகரான நகீப் அல்-ரிஹானியின் குழுவில் இணைந்து இசை நாடகங்களில் முதன்மைப் பாத்திரங்களை ஏற்றார். 1920களில் இருவரும் திருமணம் செய்துகொண்டனர். ஆயினும் அவர்களுடைய இல்வாழ்க்கை நீடிக்கவில்லை. ரிஹானியிடமிருந்து பிரிந்த பதீஆ, பிறர் குழுவில் ஊதியம் பெறும் நடிகையாக இருப்பதை விடுத்துச் சொந்தமாக அரங்கு ஒன்றைத் தொடங்க முடிவு செய்தார்.

கெய்ரோவின் அரங்குகள்

1926ஆம் ஆண்டில் கெய்ரோவின் நாடக வீதியான இமாதுத்தீன் வீதியில் பதீஆ தம் இசையரங்கைத் திறந்தார். ஒரே மாலையில் பாடல், நகைச்சுவை, தனிநடனம், குழுநடனம், வெளிநாட்டுக் கலைஞர்களின் காட்சி ஆகிய பலவும் அங்கு இடம்பெற்றன. பெண்களுக்கு மட்டுமான பகற்காட்சிகளையும் இவர் நடத்தினார். இரவு அரங்குக்குச் செல்ல இயலாத குடும்பப் பெண்கள் இக்காட்சிகளுக்குத் திரண்டு வந்தனர்.

பின்னர் நைல் ஆற்றங்கரையிலும் இவர் அரங்கு நடத்தினார். அதன் அருகிலிருந்த பாலத்தை மக்கள் பதீஆ பாலம் என்றே அழைக்கலாயினர். 1940ஆம் ஆண்டில் ஓப்பரா சதுக்கத்தில் காசினோ ஓப்பரா என்னும் பெரிய அரங்கைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எகிப்தியச் செல்வர்களும் ஐரோப்பியரும் கெய்ரோவில் தங்கியிருந்த படையினரும் இவ்வரங்குக்கு வந்தனர். காசினோ என்ற சொல் இங்கே சூதாட்ட விடுதியைக் குறிக்கவில்லை. உணவும் கலைநிகழ்ச்சிகளும் கொண்ட அரங்கையே குறித்தது.

1936ஆம் ஆண்டில் பதீஆ நடித்து வெளிவந்த அரங்குகளின் அரசி என்னும் பொருள்படும் அரபுத் திரைப்படம் வெற்றி பெறவில்லை. அதன் பின்னரும் அரங்குகளின் வருவாயைக் கொண்டே அவர் மீண்டும் நிலைபெற்றார்.

முந்தைய நடன உடை

19ஆம் நூற்றாண்டு எகிப்தில் கவாஸீ எனப்பட்ட நடனக்காரப் பெண்கள் தெருக்களிலும் வீட்டு முற்றங்களிலும் திருமணங்களிலும் ஆடினர். ஆவாலிம் எனப்பட்ட பாடகியர் பெரும்பாலும் வீடுகளுக்குள் பெண்கள் முன்னிலையில் பாடினர். 1834ஆம் ஆண்டில் எகிப்தின் ஆட்சியாளர் முகம்மது அலி நடனக்காரப் பெண்களைக் கெய்ரோவிலிருந்து வெளியேற்றினார். எகிப்தியரின் பழக்கவழக்கங்களைப் பற்றி 1836ஆம் ஆண்டில் ஆங்கிலேயரான எட்வர்டு வில்லியம் லேன் வெளியிட்ட நூலில் இப்பெண்களின் உடையும் விவரிக்கப்பட்டுள்ளது. அது நகர்ப்புறப் பெண்கள் வீட்டினுள் அணிந்த உடையை ஒத்திருந்தது. உட்சட்டை, அகன்ற காற்சட்டை, உடலோடு ஒட்டிய நீண்ட மேலங்கி, இடுப்பைச் சுற்றிக் கட்டிய சால்வை ஆகியவை அதன் உறுப்புகளாகும்.

1893ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ உலகக் கண்காட்சியில் ஆடிய கீழைத்தேய நடனக்காரர்களின் ஒளிப்படங்களிலும் சட்டை, குட்டையான மேற்சட்டை, நீண்ட பாவாடை ஆகியவையே காணப்படுகின்றன.

பத்லா உடை

பத்லா என்னும் அரபுச் சொல்லுக்கு உடைத் தொகுதி என்பது பொருள். ஆண்கள் அணியும் கோட்டும் காற்சட்டையும் சேர்ந்த உடைக்கும் இச்சொல்லே வழங்குகிறது.

வீட்டு முற்றத்தில் ஆடுபவரைச் சுற்றிப் பார்வையாளர்கள் சில அடி தொலைவிலேயே அமர்ந்திருந்தனர். அங்கே இடுப்பின் சிறு அசைவும் தெளிவாகத் தெரிந்தது. பதீஆவின் அரங்கிலோ மேடை உயர்ந்தும் அகன்றும் இருந்தது. பார்வையாளர்கள் தொலைவில் மேசைகளைச் சுற்றி அமர்ந்திருந்தனர். எனவே நடனம் மாறவேண்டியதாயிற்று. ஓரிடத்தில் நின்று ஆடுவது குறைந்து, மேடை முழுவதும் நகர்ந்தாடும் முறை வந்தது. கைகள் உயர்ந்து விரிந்தன. தனிநடனக் கலைஞரின் பின்னே குழுநடனக் கலைஞர்கள் நிறுத்தப்பட்டனர். சிறிய இசைக்குழுவின் இடத்தில் பெரிய வாத்தியக் குழு அமர்ந்தது.

உடையின் மாற்றமும் இதே காரணத்தால் நிகழ்ந்தது. இடை மூடப்படாததால் வயிற்றின் அசைவு தொலைவிலிருந்தும் தெரிந்தது. இடைக்கச்சை இடுப்பெலும்பின் மேல் தாழ்வாகக் கட்டப்பட்டதால், கண்கள் அசைவு தொடங்கும் இடத்துக்கே சென்றன. கச்சையில் தொங்கும் மணிக்குஞ்சங்கள் இடுப்பு நின்ற பின்னரும் ஒரு கணம் அசைவதால் சிறிய அசைவும் பெரிதாகத் தோன்றியது. சமுக்கிகளும் கண்ணாடி மணிகளும் மேடை விளக்கொளியை எதிரொளித்தன. மெல்லிய துணியாலான பாவாடை சுழலும்போது விரிந்து மேடையை நிரப்பியது.

மணிகளின் எடையைத் தாங்குவதற்காக மார்க்கச்சையும் இடைக்கச்சையும் விறைப்பான அடித்துணியின் மேல் தைக்கப்பட்டன. ஆடும்போது அவிழாதிருக்க வலிமையான கொக்கிகள் வைக்கப்பட்டன. இவ்வாறு தையற்காரரின் திறமை நடனத்தின் ஒரு பகுதியாயிற்று.

உருவாக்கியது யார்?

இவ்வுடையைப் பதீஆ ஒருவரே கண்டுபிடித்தார் எனக் கூறுவது முழுவதும் சரியன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய மேடைகளில் கீழைத்தேயப் பெண்ணைக் கற்பனையாகச் சித்திரித்த நடனங்கள் பெருகின. மாட் ஆலன் 1906ஆம் ஆண்டில் அரங்கேற்றிய சலோமி நடனத்தில் மணிகளாலான மார்க்கச்சையும் மெல்லிய பாவாடையும் இடம்பெற்றன. 1910ஆம் ஆண்டில் பாரிசு நகரில் உருசிய பாலே குழுவினர் நிகழ்த்திய ஷெஹரசாத்துக்கு லியோன் பாக்ஸ்ட் வடிவமைத்த உடைகளும் புகழ்பெற்றன. ஆலிவுட் திரைப்படங்களும் இக்கற்பனையைத் தொடர்ந்தன.

மேற்குலகின் கற்பனையில் தோன்றிய தோற்றத்தைக் கெய்ரோவின் கலைஞர்கள் எடுத்து, தம் நடனத்துக்கு ஏற்பத் தைத்துக்கொண்டனர். அதை நாள்தோறும் அணிந்து ஆடத்தக்க தொழில்முறை உடையாக நிலைநிறுத்தியதில் பதீஆவின் அரங்குக்குப் பெரும் பங்கு உண்டு.

மாணவியர்

தஹியா காரியோக்கா 1930களில் பதீஆவின் குழுவில் சேர்ந்து புகழடைந்தார். அவருக்குப் பின்னர் வந்த சாமியா கமாலும் இங்கேயே பயிற்சி பெற்றார். பாடகரும் இசையமைப்பாளருமான ஃபரீத் அல்-அத்ரஷ் தம் தொடக்கக் காலத்தில் இவருடைய அரங்கில் பாடினார். 1949ஆம் ஆண்டில் வெளிவந்த அஃப்ரீத்தா ஹானெம் என்னும் திரைப்படத்தில் ஃபரீதும் சாமியாவும் இணைந்து நடித்தனர். இத்தகைய எகிப்தியத் திரைப்படங்கள் அரபு நாடுகளெங்கும் திரையிடப்பட்டபோது, பதீஆவின் அரங்கில் உருவான நடனமும் உடையும் அவற்றுடன் பரவின.

இறுதிக் காலம்

வரி தொடர்பான நெருக்கடியால் பதீஆ 1950 அளவில் எகிப்தை விட்டு வெளியேறினார். காசினோ ஓப்பரா அவருடைய குழுவில் முன்பு ஆடிய பிபா இஸ்ஸுத்தீனின் கைக்கு மாறியது. பிபா 1951ஆம் ஆண்டில் வாகன விபத்தில் இறந்தார். ஜனவரி 26, 1952 அன்று கெய்ரோவில் பிரித்தானியருக்கு எதிராக எழுந்த கலவரத்தில் நகரின் பல கட்டடங்கள் எரிந்தபோது, முதலில் தீக்கிரையானவற்றுள் காசினோ ஓப்பராவும் ஒன்று.

பதீஆ லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கிலுள்ள ஷ்தூரா என்னும் ஊரில் குடியேறி, பண்ணையும் பாற்பொருட்கள் விற்கும் கடையும் நடத்தி வாழ்ந்தார். 1974ஆம் ஆண்டில் காலமானார். அடுத்த ஆண்டில் அவருடைய வாழ்க்கையைக் கூறும் திரைப்படம் அவர் பெயரிலேயே வெளிவந்தது. அதில் நாதியா லுத்ஃபி பதீஆவாக நடித்தார்.

பிற்கால உடை மாற்றங்கள்

1952 புரட்சிக்குப் பின்னர் எகிப்தில் நடனக் கலைஞர்கள் வெற்றிடையுடன் ஆடக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அதனால் மார்க்கச்சைக்கும் இடைக்கச்சைக்கும் இடையே மெல்லிய வலைத்துணி சேர்க்கப்பட்டது. பின்னர் அவ்வலைத்துணியும் அழகுபடுத்தப்பட்டு, வடிவமைப்பின் ஓர் உறுப்பாயிற்று.

கெய்ரோவும் இசுதான்புல்லும் இவ்வுடைத் தயாரிப்பில் முதன்மையான இடங்களாக விளங்கி வருகின்றன. நீட்சித்தன்மை கொண்ட லைக்ரா துணியின் வரவுக்குப் பின், உடலோடு ஒட்டி முழங்காலுக்குக் கீழே விரியும் பாவாடைகள் பெருகின. தனியே கட்டப்பட்ட இடைக்கச்சை பல உடைகளில் பாவாடையுடனேயே சேர்த்துத் தைக்கப்படுகிறது. கனமான மணிக்குஞ்சங்களுக்கு மாற்றாகப் பளிங்குக் கற்கள் பதித்த உடைகளும் தைக்கப்படுகின்றன. துணியும் அணியும் இவ்வாறு மாறினாலும், தொலைவில் அமர்ந்திருப்பவருக்கும் இடையின் அசைவைக் காட்டுதல் என்ற பதீஆவின் அரங்கு தந்த அடிப்படை மாறவில்லை.