தாய்நகரிற் பாடாத பாடகர்

பிறந்த ஊரின் பாராட்டுக்கு ஏங்காத கலைஞர் அரியர். உலகமெல்லாம் மாலை சூட்டினாலும், தாம் தவழ்ந்து விளையாடிய தெருவிலிருந்து ஒரு நல்ல சொல் வராவிடின் அவர்தம் உள்ளத்தில் ஒரு குறை நிற்கவே செய்யும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேனாட்டு இசையுலகில் ஈடிணையற்ற பாடகராக விளங்கிய என்றிக்கோ கரூசோவின் வாழ்க்கை இவ்வுண்மைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

தென் இத்தாலியின் துறைமுக நகரான நேப்பிள்ஸில், 1873 பெப்ரவரி 25 அன்று ஓர் ஏழைத் தொழிலாளியின் மகனாக அவர் பிறந்தார். தந்தையார் இயந்திரத் தொழில் செய்தவர். மகனும் அத்தொழிலையே மேற்கொள்ளவேண்டுமென அவர் விரும்பியதால், பதினொரு வயதிலேயே சிறுவன் பட்டறைக்குச் செல்லலானான். தேவாலயப் பாடகர் குழுவில் அவன் பாடுவதை ஊக்கியவர் தாயாரே. அவ்வன்னையும் 1888இல் மறைந்தார். அதன்பின் கோப்பிக் கடைகளிலும் கடற்கரைக் குளியல் விடுதிகளிலும் பாடிச் சில்லறை தேடினான் அவ்விளைஞன். பதினெட்டு வயதிற் பாடிப் பெற்ற ஊதியத்திலேதான் தன் முதற் புதுச் சப்பாத்தை வாங்கினான் எனின், அவ்வில்லத்து வறுமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மேனாட்டு இசைநாடகமாகிய ஒப்பெரா எளிதிற் கைவரும் கலையன்று. பாட்டும் நடிப்பும் ஒருங்கே வேண்டும். பெரிய வாத்தியக் குழு எதிரே முழங்க, ஒலிபெருக்கியின் துணையின்றி, அரங்கின் கடைசி வரிசைவரை குரல் சென்றடைய வேண்டும். அதிலும் ஆண்குரலின் உயர்ந்த சுரங்களுக்குரிய டெனர் பாடகனையே கதைத் தலைவனின் பங்கு பெரும்பாலும் சாரும். கரூசோவின் குரலோ தொடக்கத்தில் மெலிந்திருந்தது. உச்ச சுரங்களில் உடைந்தும் போயிற்று. அவருக்குப் பயிற்சியளித்த வெர்ஜீனே என்னும் ஆசிரியர் முதலில் அக்குரலை மெச்சவில்லை. ஆயினும், பிற்கால வருமானத்தில் 25 வீதம் தமக்குரியதென ஒப்பந்தம் எழுதிக்கொள்ள அவர் தவறவில்லை. உழைப்பினால் உருவாக்கப்பட்ட குரல் அது என்பதை இங்கு நினைவிற் கொள்ளுதல் நன்று.

1895இல் நேப்பிள்ஸின் ஒரு சிறிய அரங்கில் அவர் முதன்முதலாக மேடையேறினார். 1897இல் பூச்சினி என்னும் பெரும் இசைமேதை அவர் பாட்டைக் கேட்டு, தமது 'லா பொஹேம்' நாடகத்திற் பாட இசைவளித்தார். 1898இல் மிலான் நகரில் 'பெதோரா' என்னும் புதிய நாடகத்தின் முதல் அரங்கேற்றத்தில் நாயகனாகப் பாடியபின், பிறநாட்டு அழைப்புகள் வரத் தொடங்கின. ரஷ்யாவின் தலைநகராக அன்றிருந்த சென்ற் பீற்றர்ஸ்பேர்க்கும், கடல் கடந்த புவனஸ் அயர்ஸும் அவரை வரவேற்றன. 1900 டிசெம்பரில் மிலானின் புகழ்பெற்ற லா ஸ்காலா அரங்கும் அவருக்குத் திறந்தது. சில வாரங்களின்பின், தொனிசெத்தியின் 'காதல் மருந்து' நாடகத்தில் நெமொரினோ என்னும் வெள்ளையுள்ளக் குடியானவனாக அவர் பாடியபோது மிலான் மக்கள் ஆர்ப்பரித்தனர்.

இத்தகைய வெற்றியோடு, 1901 டிசெம்பர் 30 அன்று நேப்பிள்ஸின் சான் கார்லோ அரங்கில், அதே நெமொரினோவாக அவர் தோன்றினார். பட்டறைச் சிறுவனாக வெளியிலிருந்து நோக்கிய பேரரங்கு அது. ஆனால் அந்நகரிற் பாடகரின் வாழ்வையும் தாழ்வையும் முடிவு செய்யும் இரசிகர் கூட்டத்தார் சிலர் இருந்தனர். அரங்கேறுமுன் அவர்களை வணங்கி வருவது வழக்கம். கரூசோ அதைச் செய்யவில்லை. கைதட்டல் ஒருபுறம் எழ, மறுபுறம் எதிர்ப்பு ஒலித்தது. பத்திரிகை விமரிசனமும் கடுமையாக அமைந்தது. ஒப்புக்கொண்ட நாட்களைப் பாடி முடித்தார். இனி இந்நகரிற் பாடுவதில்லை என உறுதி பூண்டார். சுற்றத்தாரைக் காணவும் ஊருணவை உண்ணவும் பின்னர் வந்ததுண்டு, பாட வரவில்லை.

நேப்பிள்ஸ் வரவேற்கத் தவறிய குரலை உலகெங்கும் கொண்டு செல்லும் கருவியொன்று அதே காலத்தில் வளர்ந்து வந்தது. 1902 ஏப்பிரல் 11 அன்று, மிலானின் விடுதி அறையொன்றில் கிராமபோன் கம்பெனியின் பிரதிநிதி பிரெட் கைஸ்பேர்க் முன்னிலையில், 100 பவுண் ஊதியத்துக்கு அவர் பத்துப் பாடல்கள் பாடினார். மின்சார ஒலிவாங்கி வழக்கிற்கு வராத காலம் அது. தகரக் குழாயொன்றின் வாயில் முகம்வைத்துப் பாட, குரலின் அதிர்வு ஓர் ஊசியை அசைத்து மெழுகிற் கோடு கீறியது. வயலின் ஒலியையும் பெண்களின் உயர்குரலையும் மெலிவித்த அக்கருவி, கரூசோவின் குரலை மட்டும் திண்மையோடு ஏற்றுக்கொண்டது. விளையாட்டுப் பொருளாகக் கருதப்பட்ட கிராமபோன் இசைக்கருவியென மதிப்புப் பெற்றமைக்கு அவ்விசைத்தட்டுகள் ஒரு பெருங் காரணம்.

அவ்வாண்டு மே மாதம் இலண்டன் கொவென்ற் கார்டன் அரங்கிலும், 1903 நவம்பர் 23 அன்று நியூயோர்க் மெற்றோப்பொலிற்றன் அரங்கிலும் வெர்டியின் 'ரிகொலெற்றோ' நாடகத்தில் அவர் முதன்முறையாகப் பாடினார். நியூயோர்க் அரங்கே பின்னர் அவரது கலைவாழ்வின் இல்லமாயிற்று. பதினெட்டுப் பருவங்களில் 800க்கும் மேற்பட்ட தடவைகள் அங்கு பாடினார். 1910இல் பூச்சினியின் புதிய நாடகமொன்று அங்கே அரங்கேறியபோதும் அவரே நாயகன். 1909இல் தொண்டையிற் செய்யப்பட்ட சத்திரசிகிச்சையின்பின் அவர் குரல் முன்னினும் ஆழ்ந்து கனத்தது.

அக்காலத்தில் வறுமை துரத்த, தென் இத்தாலியிலிருந்து இலட்சக் கணக்கானோர் அமெரிக்காவிற் குடியேறினர். நேப்பிள்ஸின் வட்டார மொழிப் பாடல்களை அவர் இசைத்தட்டிற் பாடியது அவர்களுக்குத் தாய்மண்ணின் குரலாக இருந்தது. நன்றிகெட்ட உள்ளத்தைப் பாடும் 'கோரே ங்க்ராதோ' என்னும் பாடலை 1911இலும், 'ஓ சோலே மியோ'வை 1916இலும் பதிவு செய்தார். ஊரோடு பிணங்கியவர் ஊரின் பாட்டோடு பிணங்கவில்லை. சினம் மேடையளவில் நின்றது. அன்பு நாவிலேயே தங்கிவிட்டது.

1920இல் ஹவானாவில் ஓரிரவுக்கு 10,000 டொலர் வரை அவருக்கு ஊதியம் கிடைத்தது. ஆனால் இடைவிடாத பயணமும் உழைப்பும் உடலை அரித்தன. அவ்வாண்டு டிசெம்பர் 11 அன்று புரூக்ளினில் நெமொரினோவாகப் பாடும்போது தொண்டையிலிருந்து இரத்தம் கசிந்தது. உடன் பாடுவோர் மறைவிலிருந்து துணிகளை நீட்ட, துடைத்துத் துடைத்துப் பாடினார். முதல் அங்கத்தோடு நாடகம் நிறுத்தப்பட்டது. எனினும் ஓய்வு கொள்ளாது, டிசெம்பர் 24 அன்று மெற்றோப்பொலிற்றனில் 'யூதப் பெண்' நாடகத்திற் பெரும் வேதனையோடு பாடினார். அதுவே அவரது இறுதி மேடை.

நுரையீரலைச் சூழ்ந்த உறையில் அழற்சி கண்டு சீழ்கட்டியது. பலமுறை சத்திரசிகிச்சை செய்தும் நோய் முற்றாக நீங்கவில்லை. 1921 கோடையில், மனைவி டொரதியுடனும் குழந்தை குளோரியாவுடனும் இத்தாலி திரும்பி, நேப்பிள்ஸ் விரிகுடாவின் கரையிலுள்ள சொரென்றோவில் தங்கினார். நோய் மீண்டும் முற்றியது. மருத்துவத்துக்காக உரோமாபுரி நோக்கிப் புறப்பட்டவர் நேப்பிள்ஸைக் கடக்க இயலவில்லை. அங்குள்ள விடுதியொன்றில் 1921 ஓகஸ்ட் 2 அன்று, நாற்பத்தெட்டாம் வயதில் உயிர் நீத்தார். அரசகுடும்பத்துக்கென ஒதுக்கப்பட்டிருந்த தேவாலயத்தில் இறுதிச் சடங்கு நடைபெற, மன்னர் இசைவு தந்தார். வீதிகளில் மக்கள் வெள்ளம் திரண்டது.

இருபதாண்டுகளுக்கு முன் ஒரு சிறு கூட்டத்தார் காட்டிய செருக்கினால் அந்நகர மக்கள் இழந்தது சிறிதன்று. அக்குரல் முதிர்ந்து கனிந்த ஆண்டுகளில் அதை நியூயோர்க்கும் இலண்டனும் ஹவானாவும் நேரிற் கேட்டன. ஈன்ற நகருக்கோ சுழலும் இசைத்தட்டே மிஞ்சியது. இளங் கலைஞனொருவன் முதன்முறை அரங்கேறும்போது முன்வரிசையில் அமர்ந்திருப்போர் இதனை எண்ணிப்பார்ப்பது நலம்.