அக்காளின் கண்ணாக இருந்த தங்கை

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் மேன்ஸ்பீல்டு என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. அங்கே ஒரு வெள்ளை வீடும், அதைச் சேர்ந்த பொருட்காட்சிசாலையும் உண்டு. பழைய பிடில் ஒன்றும், பென்சிலால் எழுதிய கையெழுத்துப் பிரதிகளும் அங்கே காப்பாற்றப்பட்டு வருகின்றன. வீட்டின் சமையலறை மேடைகள் மிகவும் தாழ்வானவை. அந்த வீட்டு அம்மாள் ஐந்தடி உயரம்கூட இல்லாதவர். அவருக்கு எட்டும்படி கணவரே அமைத்துக் கொடுத்த மேடைகள் அவை.

அந்த அம்மாள்தான் லாரா இங்கால்ஸ் வைல்டர். உலகெங்கும் குழந்தைகள் விரும்பிப் படிக்கும் கதைகளை எழுதியவர்.

ஊர் ஊராய்ப் பயணம்

லாரா 1867-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி விஸ்கான்சின் காட்டில், ஒரு மரவீட்டில் பிறந்தார். தந்தை சார்லஸ் இங்கால்ஸ் ஓரிடத்தில் தங்காதவர். மேற்கே நல்ல நிலம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில், மனைவி மக்களைக் கூண்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டு விடுவார். இரவில் அவர் பிடில் வாசிப்பார். களைப்பில் கிடக்கும் குழந்தைகள் கேட்டுக்கொண்டே தூங்கிப் போவார்கள். பொருட்காட்சிசாலையில் இருப்பது அந்தப் பிடில்தான்.

முதலில் கான்சாஸ் சென்றார்கள். அவர்கள் வீடு கட்டிய நிலம் ஓசேஜ் என்னும் பூர்வகுடி மக்களுக்குச் சொந்தமானது. 1871-ல் குடும்பம் அங்கிருந்து வெளியேறியது. ஆனால் ஓசேஜ் மக்களோ, பெருகி வந்த குடியேறிகளுக்குத் தங்கள் நிலத்தையே விட்டுக்கொடுத்துப் போக நேர்ந்தது. ஒருவருடைய புது வாழ்வு மற்றவருடைய இழப்பாக இருந்தது.

பிறகு மின்னசோட்டா. அங்கே கோதுமை விளைந்து நின்ற சமயம், வானத்தை மறைத்துக்கொண்டு வெட்டுக்கிளிகள் வந்து இறங்கின. பயிர் அழிந்தது. 1876-ல் ஒன்பதே மாதமான தம்பியும் இறந்தான்.

இருண்ட கண்கள்

1879-ல் பேரிடி விழுந்தது. கொடிய நோயில் படுத்த அக்காள் மேரிக்கு 14 வயதில் இரு கண்களும் பார்வை இழந்தன. அன்று முதல் லாரா அக்காளின் கண்ணானார். வானத்தின் நிறம், புல்லின் அசைவு, வருகிறவர் முகம் எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லிக் காட்டினார். பார்த்ததைச் சொல்லில் வடிக்கும் பயிற்சி அவருக்கு அப்படித்தான் கிடைத்தது.

அதே ஆண்டு குடும்பம் டகோட்டாவுக்குப் போனது. அங்கே அரசாங்க நிலத்துக்குத் தந்தை பதிவு செய்தார். ஐந்து ஆண்டு குடியிருந்து உழுதால் நிலம் சொந்தமாகும்.

1880-81 குளிர்காலத்தை அந்த ஊர் மறக்கவே இல்லை. பனிப்புயலில் ரயில் நின்றுவிட்டது. விறகு இல்லை, வைக்கோலை முறுக்கி எரித்தார்கள். மாவு இல்லை, காப்பிக்கொட்டை அரைக்கும் கை இயந்திரத்தில் கோதுமையை அரைத்து ரொட்டி சுட்டார்கள். மே மாதம் வரை நிலைமை மாறவில்லை.

மேரி பார்வையற்றோர் கல்லூரியில் படிக்க வேண்டும் என்பது வீட்டாரின் ஆசை. லாரா தாமே சிறு பெண்ணாய் இருந்தும் கிராமப் பள்ளியில் ஆசிரியையானார். துணி தைத்தார். சேர்த்த பணத்தை வீட்டுக்குக் கொடுத்தார். மேரி 1889-ல் படிப்பை முடித்தார்.

அடிமேல் அடி

1885-ல் ஆல்மான்சோ வைல்டர் என்ற விவசாயியை லாரா மணந்தார். ரோஸ் என்ற மகள் பிறந்தாள். ஆனால் தொண்டை அடைப்பான் நோய் கணவரின் கால்களைப் பலவீனமாக்கியது. 1889-ல் பச்சிளங்குழந்தையான மகன் இறந்தான். அதே மாதம் வீடும் எரிந்தது. வறட்சி மீதியையும் கொண்டுபோயிற்று.

1894-ல் மூவரும் மேன்ஸ்பீல்டு வந்தார்கள். வாங்கிய 40 ஏக்கரில் ஆப்பிள் கன்று நட்டார்கள். முட்டையும் விறகும் விற்றார்கள். ஒற்றை அறைக் குடிசை வெள்ளை வீடானது. அதற்கு ஏறக்குறைய 20 ஆண்டு பிடித்தது.

65-வது வயதில்

1929-ம் ஆண்டு பங்குச்சந்தை வீழ்ச்சியில் முதுமைக்கென்று போட்டு வைத்த பணமும் போனது. லாரா சோர்ந்துவிடவில்லை. பென்சிலை எடுத்தார். மகள் ரோஸ் திருத்தி உதவினார். முதல் நூல் 1932-ல் வந்தபோது லாராவுக்கு வயது 65! 1943-க்குள் எட்டு நூல்கள் வந்துவிட்டன.

அந்த நூல்களில் பூர்வகுடி மக்களைச் சித்திரித்த விதம் சரியல்ல என்ற குறை பின்னர் எழுந்தது. அதனால் லாரா பெயரில் இருந்த பரிசின் பெயரை 2018-ல் அமெரிக்க நூலகச் சங்கத்தார் மாற்றினார்கள். இந்தக் குறையையும் அறிந்தே நாம் அவரைப் படிக்க வேண்டும்.

1957-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி, 90 வயது நிறைந்து மூன்றாம் நாள், அந்த வெள்ளை வீட்டிலேயே லாரா காலமானார்.

கண்ணிழந்த அக்காளுக்காகச் சொல்லப் பழகிய பெண், பிற்காலத்தில் உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் கதை சொன்னார். வீட்டில் ஒருவருக்கு அன்போடு செய்யும் பணி வீண்போவதில்லை என்பதற்கு லாராவின் வாழ்க்கையே சான்று.