ஹால்ஸ்டெட் தெருவின் அன்னை

சிகாகோ என்றதும் நம் நினைவுக்கு வருவது 1893-இல் அங்கு நடைபெற்ற சர்வசமயப் பேரவை. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, அதே நகரின் ஹால்ஸ்டெட் தெருவில் ஆரவாரமின்றி ஒரு சேவை தொடங்கியிருந்தது. தொடங்கியவர் ஜேன் ஆடம்ஸ்.

1860 செப்டம்பர் 6 அன்று இல்லினாய் மாநிலத்தின் செடார்வில் என்னும் சிற்றூரில், வசதியான குடும்பத்தில் பிறந்த அவர், இரண்டு வயதிலேயே தாயை இழந்தார். முதுகெலும்பு நோய் வாட்டியது. மருத்துவப் படிப்பும் பாதியில் நின்றது. கல்வியும் செல்வமும் இருந்தும் எவருக்கும் பயன்படவில்லையே என்ற தவிப்பு எட்டு ஆண்டுகள் அவரை அரித்தது. லண்டனில் ஏழைகளுக்கு நடுவே கற்றவர்கள் குடியிருந்து பணியாற்றிய டாயின்பீ ஹாலை 1888-இல் கண்ட பிறகே வழி தெளிந்தது. மறு ஆண்டு செப்டம்பரில், தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டாருடன் பழைய ஹல் மாளிகையில் குடியேறினார்.

இத்தாலியர், ஜெர்மானியர், யூதர், போலந்து நாட்டவர் எனப் பல நாடுகளிலிருந்தும் பிழைக்க வந்தோர் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. வந்த முதல் கிறிஸ்துமஸின்போது சிறுமியருக்கு மிட்டாய் வழங்கினார் ஜேன். சிலர் வாங்க மறுத்துவிட்டனர். அவர்கள் மிட்டாய்த் தொழிற்சாலையில் ஆறு வாரங்களாகக் காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை உழைத்துக்கொண்டிருந்தவர்கள்! மிட்டாயைக் காணவே அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

வேலைக்குச் செல்லும் தாய்மார் குழந்தைகளை வீட்டில் பூட்டிவிட்டுப் போவதும் அங்கு வழக்கம். பகலெல்லாம் மேசைக் காலில் கட்டப்பட்டு முதுகு வளைந்துபோன ஒரு குழந்தையை ஜேன் கண்டார். ஹல் இல்லத்தில் குழந்தைகள் காப்பகமும் மழலையர் வகுப்பும் எழுந்தன.

பதினான்கு வயதுக்குட்பட்டோரைத் தொழிற்சாலைகளில் அமர்த்தத் தடை விதிக்கும் மாநிலச் சட்டம் 1893-இல் வந்தது. ஹல் இல்லத்தில் தங்கியிருந்த ஃபிளாரன்ஸ் கெல்லியின் உழைப்பு அதில் பெரிது. ஆனால் முதலாளிகள் மட்டுமல்ல, குழந்தையின் கூலியை நம்பியிருந்த பெற்றோர் சிலரும் மனம் கசந்தனர். யாருக்காகப் பாடுபட்டாரோ அவர்களே முகம் திருப்பியதுதான் ஜேனுக்கு மிகுந்த வேதனை தந்திருக்கும். எனினும் அவர் அந்தத் தெருவை விட்டு அகலவில்லை.

அடுத்த போராட்டம் குப்பையுடன். தெருவோர மரப்பெட்டிகளில் கழிவு அழுகிக் கிடக்கும். குழந்தைகள் அவற்றின்மீதே ஏறி விளையாடுவர். இறப்பு விகிதத்தில் அந்த வட்டம் நகரில் மூன்றாம் இடத்தில் இருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஹல் இல்லத்தாருடன் சந்து சந்தாகச் சென்று குறைகளைக் குறித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்களை நகராட்சிக்கு அனுப்பினர். பலன் போதவில்லை. 1895-இல் ஜேன் தாமே குப்பை அள்ளும் ஒப்பந்தத்தைக் கோரினார்! அது நிராகரிக்கப்பட்டாலும் மேயர் அவரை வட்டத்தின் குப்பை ஆய்வாளராக நியமித்தார். காலை ஆறு மணிக்கே எழுந்து குப்பை வண்டிகளின் பின்னால் சென்றார். ஒரு குறுகிய தெருவில் 18 அங்குலக் குப்பைக்கு அடியில் கல் பாவிய பாதை ஒன்று வெளிப்பட்டது. அங்கு வசித்த இத்தாலியர்கள் பெரிதாக வியக்கவில்லை. புதையுண்ட நகரங்களைத் தோண்டியெடுக்கும் நாட்டிலிருந்து வந்தவர்கள் அல்லவா! இறப்பு விகிதத்தில் அந்த வட்டம் பின்னர் ஏழாம் இடத்திற்கு இறங்கியது.

1931-இல் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1935 மே 21 அன்று அவர் காலமானபோது உடல் ஹல் இல்லத்திலேயே வைக்கப்பட்டது; தெருவாசிகள் ஆயிரக்கணக்கில் வரிசையாக வந்து அஞ்சலி செலுத்திச் சென்றனர்.