தீயணைப்பு ஹீரோ ஸ்டீவ் மெக்வீன்: தீயைத் தடுக்கும் பொருளே உயிரைப் பறித்ததா?

சான்பிரான்சிஸ்கோவில் 138 மாடிக் கட்டடம். 135-வது மாடியில் திறப்பு விழா பார்ட்டி. கீழே 81-வது மாடியில் ஒரு ஸ்டோர் ரூமில் ஒயர் கருகித் தீப்பிடிக்கிறது. காசை மிச்சம் பிடிக்க தரம் குறைந்த ஒயரைப் போட்டிருக்கிறார்கள். 1974 டிசம்பரில் வெளியான ‘தி டவரிங் இன்ஃபெர்னோ’ படத்தின் கதை கிட்டத்தட்ட இவ்வளவுதான். படம் ஓடி முக்கால் மணி நேரம் நெருங்கும்போதுதான் தீயணைப்பு அதிகாரி ஓ'ஹாலரன் வந்து சேருகிறார். பஞ்ச் கிடையாது, பில்டப் கிடையாது. எந்த மாடி, உள்ளே எத்தனை பேர், படிக்கட்டு எங்கே என்று கேட்டுவிட்டு வேலையில் இறங்குகிறார்.

அந்த அதிகாரியாக நடித்தவர் ஸ்டீவ் மெக்வீன். இன்று வரை திரையில் வரும் தீயணைப்பு வீரர்கள் பலரிடம் அந்த அலட்டல் இல்லாத கெத்தின் சாயலைப் பார்க்கலாம். ஆனால் அந்தப் படம் வந்து ஆறே ஆண்டுகளில், 50 வயதில், அவர் இறந்துபோனார். காரணமான நோய்க்கும் தீத்தடுப்புக்கும் ஒரு தொடர்பு உண்டு.

அப்பா இல்லாத பையன்

மெக்வீன் 1930 மார்ச் 24 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பிறந்தார். விமான சாகசம் செய்யும் அப்பா, குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே வீட்டை விட்டுப் போய்விட்டார். அம்மாவுக்குக் குடிப்பழக்கம். மிசௌரியில் ஒரு உறவுக்காரர் பண்ணையில் கொஞ்ச காலம் வளர்ந்தார், பிறகு அம்மாவின் புதுக் கணவர்களிடம் அடி வாங்கினார், தெருவில் திரிந்தார். கடைசியில் கலிஃபோர்னியாவில் ‘பாய்ஸ் ரிபப்ளிக்’ என்ற சீர்திருத்தப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். பெரிய ஸ்டார் ஆன பிறகும் அந்தப் பள்ளியை அவர் மறக்கவில்லை. படத்தில் நடிக்க ஒப்புக்கொள்ளும்போது ஜீன்ஸ், ஷேவிங் ரேசர் எல்லாம் மொத்தமாக வேண்டும் என்று தயாரிப்பாளரிடம் அடம்பிடிப்பாராம். இந்த ஆளுக்கு ஏன் இவ்வளவு என்று சிலர் எரிச்சல்பட்டார்கள். அத்தனையும் அந்தப் பள்ளிப் பையன்களுக்குப் போனது பிறகுதான் தெரிந்தது.

1947-ல் மரைன் படையில் சேர்ந்தார். விடுப்பு முடிந்தும் திரும்பாமல் சுற்றியதற்காக 41 நாள் ராணுவச் சிறை. இந்தக் காலகட்டத்தில் நடந்த ஒரு சின்ன விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். துருப்புகளை ஏற்றிச் செல்லும் ஒரு கப்பலில், குழாய்களைச் சுற்றியிருந்த ஆஸ்பெஸ்டாஸ் உறையைச் சுரண்டி எடுக்கும் வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டது. சூடும் தீயும் பரவாமல் இருக்க அன்றைய கப்பல்களில் கொதிகலன் முதல் குழாய் வரை ஆஸ்பெஸ்டாஸ்தான். முகமூடி போட வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

12 வரி வசனம்

1950-ல் வெளியே வந்தவர் நியூயார்க்கில் நடிப்பு படித்தார். 1956-ல் ‘சம்படி அப் தேர் லைக்ஸ் மி’ படத்தில் ஒரு துக்கடா வேடம், டைட்டிலில் பெயர்கூட இல்லை. அந்தப் படத்தின் ஹீரோ பால் நியூமன். இது மெக்வீன் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது என்றே தோன்றுகிறது. பிறகு ‘தி மேக்னிஃபிசென்ட் செவன்’, ‘தி கிரேட் எஸ்கேப்’, ‘புல்லிட்’ என்று ஏறிக்கொண்டே போனார். (‘தி கிரேட் எஸ்கேப்’பில் முள்வேலியைத் தாண்டும் அந்தப் புகழ்பெற்ற பைக் ஜம்ப்பைச் செய்தது அவரில்லை, அவரது நண்பரான ஸ்டண்ட் கலைஞர் பட் எகின்ஸ்.) 1969-ல் வந்த ‘புட்ச் கேசிடி அண்ட் தி சன்டான்ஸ் கிட்’ படத்தில் நியூமனோடு நடிக்க வேண்டியது. யார் பெயர் முதலில் என்பதில் சிக்கல் வந்து விலகிவிட்டார். ராபர்ட் ரெட்ஃபோர்டுக்கு அடித்தது யோகம்.

டைட்டில் கார்டு சண்டை நம்ம ஊர் சமாச்சாரம் மட்டும்தான் என்று நினைத்திருந்தால், ‘டவரிங் இன்ஃபெர்னோ’ கதையைக் கேளுங்கள். கட்டடத்தை வடிவமைத்தவர், தீயணைப்பு அதிகாரி என இரண்டு முக்கிய வேடங்கள். மெக்வீனுக்கு முதலில் பேசப்பட்டது கட்டட வடிவமைப்பாளர் வேடம். கதையைப் படித்தவர், தீயணைப்பு அதிகாரிதான் வேண்டும் என்றார். நியூமன் வடிவமைப்பாளர் ஆனார். ஸ்கிரிப்ட்டில் நியூமனுக்கு 12 வரி வசனம் அதிகம் இருப்பதை எண்ணிப் பார்த்துவிட்டு, தனக்கும் 12 வரி எழுதி வாங்கினார். போஸ்டரில் மெக்வீன் பெயர் இடப்பக்கம், நியூமன் பெயர் வலப்பக்கம், ஆனால் ஒரு படி மேலே. இரண்டு பேரும் முதல் இடம்தான்! சிறுபிள்ளைத்தனம்தான், மறுக்க முடியாது. ஆனால் வேடத்தைத் தேர்ந்தெடுத்ததில் அவர் கணக்கு தப்பவில்லை. கட்டடத்தை வடிவமைத்தவர் முகத்துக்கு நேராக, ஏழு மாடிக்கு மேல் எரியும் தீயை அணைக்க எங்களிடம் உறுதியான வழி எதுவும் இல்லை, நீங்கள் மட்டும் உயரமாகக் கட்டிக்கொண்டே போகிறீர்கள் என்று சொல்லிக்காட்டும் இடம் ஓ'ஹாலரனுக்குத்தான் கிடைத்தது.

அந்த வசனம் சும்மா எழுதப்பட்டதில்லை. 1974 பிப்ரவரி 1 அன்று பிரேசிலின் சாவ் பாலோவில் ஜோயெல்மா என்ற 25 மாடிக் கட்டடம் எரிந்தது. ஏசி ஒயரில் ஏற்பட்ட ஷார்ட் சர்க்யூட்தான் காரணம். இறங்க ஒரே ஒரு படிக்கட்டு. சுமார் 180 பேர் பலியானார்கள். ஏணிகள் எட்டவில்லை, கூரைக்கு ஓடியவர்களை ஹெலிகாப்டரால் நெருங்க முடியவில்லை. சில மாதங்களில் ‘டவரிங் இன்ஃபெர்னோ’ படப்பிடிப்பு தொடங்கியது. படத்தைத் தீயணைப்பு வீரர்களுக்கே சமர்ப்பித்தார் தயாரிப்பாளர் இர்வின் ஆலன்.

1974 மே மாதம் ஹாலிவுட்டில் கோல்ட்வின் ஸ்டூடியோ நிஜமாகவே தீப்பிடித்தது. படத்துக்கு ஆலோசனை சொல்லிவந்த தீயணைப்பு அதிகாரியோடு மெக்வீனும் அங்கே போனார். வேடிக்கை பார்க்காமல், கோட்டும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு குழாய் பிடித்தார். தீயணைப்பு வீரர்கள் எப்படி நிற்கிறார்கள், எவ்வளவு குறைவாகப் பேசுகிறார்கள் என்பதை அவர் அங்கே கவனித்திருக்க வேண்டும். எனக்கென்னவோ படத்தில் நாம் பார்ப்பது அதைத்தான் என்று படுகிறது.

கார் ரேஸ், இருமல்

நடிப்பை விட அவருக்குப் பிடித்தது ரேஸ். 1970-ல் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில், காலில் மாவுக்கட்டோடு போர்ஷே ஓட்டி, பீட்டர் ரெவ்சனுடன் சேர்ந்து இரண்டாம் இடம் பிடித்தார். அந்தக் கால ரேஸ் உடைகளிலும் தீப்பிடிக்காமல் இருக்க ஆஸ்பெஸ்டாஸ் சேர்ப்பது உண்டு.

‘டவரிங் இன்ஃபெர்னோ’ பெரிய ஹிட், மூன்று ஆஸ்கர். ஆனால் மெக்வீன் ஒதுங்கிக்கொண்டார். தாடி வளர்த்தார், இப்சன் நாடகத்தைப் படமாக்கி நடித்தார், அது ஓடவில்லை. 1970-களின் கடைசியில் விடாத இருமல். 1979 டிசம்பரில் பரிசோதனை முடிவு வந்தது: மீசோதெலியோமா. நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் புற்றுநோய். ஆஸ்பெஸ்டாஸ் என்பது எரியாத ஒரு கனிம இழை. உடைத்தாலோ சுரண்டினாலோ கண்ணுக்குத் தெரியாத தூசாகப் பறக்கும், மூச்சோடு உள்ளே போனால் அங்கேயே தங்கிவிடும். நோயாக வெளியே தெரிய 20 முதல் 50 ஆண்டுகள்கூட ஆகலாம். கப்பலில் வேலை செய்தது 1940-களின் இறுதியில். நோய் தெரிந்தது சுமார் 30 ஆண்டு கழித்து. கணக்கு பொருந்துகிறது. கப்பலா, ரேஸ் உடையா, இரண்டுமா என்று நிரூபிக்க வழியில்லை. மெக்வீன் அதிகம் சந்தேகப்பட்டது கப்பலைத்தான். நம் வீடுகளின் மேலே ‘ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்’ என்று சாதாரணமாகக் கிடக்கிறதே, அதே பொருள்தான். பல நாடுகள் தடை செய்துவிட்டன, இந்தியா இன்னும் இறக்குமதி செய்கிறது.

அமெரிக்க மருத்துவர்கள் கைவிரித்த பிறகு, மெக்வீன் மெக்சிகோவுக்குப் போய் மாற்று மருத்துவத்தை நம்பினார். ஆப்ரிகாட் கொட்டையிலிருந்து எடுக்கும் லேட்ரைல் என்ற மருந்து, காபி எனிமா என்று போனது சிகிச்சை. எதற்கும் மருத்துவ ஆதாரம் கிடையாது. கட்டி வளர்ந்துகொண்டே இருந்தது. அறுவை சிகிச்சை ஆபத்து என்று அமெரிக்காவில் எச்சரித்திருந்தார்கள். எல்லையோர நகரமான சியுடாட் ஹுவாரெஸில் ஒரு சிறிய மருத்துவமனையில், வேறு பெயரில் சேர்ந்து, அதைச் செய்துகொண்டார். சில மணி நேரத்தில் மாரடைப்பு. 1980 நவம்பர் 7. அஸ்தியைப் பசிபிக் கடலில் தூவினார்கள்.