மாட்டேன் என்று சொன்ன டாக்டரம்மா



இந்த மாதம் வாழ்க்கை வரலாறு எழுதும் முறை என்னுடையது. காந்தி, காமராசர், அன்னை தெரசா எல்லாரையும் முன்னாடியே எழுதிவிட்டார்கள். அதனால் நான் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரை எடுத்துக்கொண்டேன். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தெரியாதவங்க நம்ம பக்கம் யாரும் இல்ல. எங்க ஆயா அதை இன்னும் மிஷன் ஆஸ்பத்திரின்னுதான் சொல்லும். ஆனா அதை ஆரம்பிச்சது ஒரு பொம்பளைன்னு சொன்னப்போ எங்க வகுப்புல பாதி பேர் நம்பல.

ஐடா 1870 டிசம்பர் 9-ம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்கக் குடும்பம்தான், ஆனா பிறந்தது நம்ம ஊர்ப் பக்கம். அவருடைய தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர் 1819-ல் அமெரிக்காவில் கப்பல் ஏறி இலங்கைக்கு வந்து, பிறகு மதராசுக்கு வந்து வைத்தியமும் கிறிஸ்தவ ஊழியமும் செய்தவர். அப்பாவும் டாக்டர், ஊழியர். அந்தக் குடும்பத்தில் நாலு தலைமுறையில் 42 பேர் இப்படி ஊழியத்துக்குப் போனார்களாம்!

ஆனா ஐடாவுக்கு மட்டும் அதில் விருப்பமே இல்லை. அதற்குக் காரணம் உண்டு. 1876 முதல் 1878 வரை பெரிய பஞ்சம் வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்வது அதுதான். அப்போது ஐடா சின்னக் குழந்தை. பட்டினியால் கையைத் தூக்கக்கூட முடியாத பிள்ளைகளுக்கு ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தார். அந்த வயசில் அதைப் பார்த்தால் யாருக்குத்தான் பயம் வராது? அமெரிக்காவுக்குப் படிக்கப் போனதும் இனி இந்தியாவும் வேண்டாம், ஊழியமும் வேண்டாம், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு இருந்துவிடலாம் என்று நினைத்தார். எனக்கு இது பிடித்திருந்தது. வரலாறு எழுதுகிறவர்கள் எல்லாரையும் பிறந்ததிலிருந்தே தியாகி மாதிரி எழுதுவார்கள். இவர் அப்படி இல்லை.

1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தார். கொஞ்ச நாள் இருந்து பார்த்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுதான் வந்தார். அங்கே இருந்தபோது ஒரு நாள் ராத்திரி இது நடந்தது.

முதலில் ஒரு பிராமணர் வந்து கதவைத் தட்டினார். அவருடைய மனைவிக்குப் பிரசவ வலி, குழந்தை வரவில்லை, உயிர் போகிற நிலை. ஐடா தன் அப்பாதான் டாக்டர், அவரைக் கூட்டிப் போங்கள் என்றார். ஆம்பிளை டாக்டர் வீட்டுப் பெண்ணைத் தொடக்கூடாது என்று அவர் திரும்பிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே கஷ்டம், அதே பதில். மூன்றாவதாக இன்னொரு இந்து வந்தார். அதுவும் அப்படியே. மூன்று பேரும் ஐடாவைத்தான் கூப்பிட்டார்கள். அவருக்கோ வைத்தியம் ஒன்றும் தெரியாது. அப்பாவுடன் தானும் வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தும் ஒத்துக்கொள்ளவில்லை. ராத்திரி முழுக்க ஐடா தூங்கவில்லை. விடிந்ததும் தெருவில் சாவு மேளம் கேட்டது. ஆளை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் செத்துப்போயிருந்தார்கள்.

அதில் முதல் பெண்ணுக்கு வயசு பதினாலு.

நானும் பதினாலுதான். இதைப் படித்த அன்று கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு சும்மாவே உட்கார்ந்திருந்தேன். டாக்டர் அந்த ஊரிலேயே இருந்தார், மருந்தும் இருந்தது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் யாரும் அந்த மூன்று பேருடைய பேரைச் சொல்வதில்லை. போன வருஷம் நம்மோடு படித்த ஒருத்தி இந்த வருஷம் வரவில்லை. ஏன் என்று எல்லாருக்கும் தெரியும். நான் இங்கே எழுதவில்லை.

காலையில் ஐடா அப்பா அம்மாவிடம் போய் அமெரிக்காவுக்குப் போய் டாக்டருக்குப் படித்துத் திரும்பி வருகிறேன் என்று சொன்னார். அப்படியே 1899-ல் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கினார். அந்தக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டதில் முதல் வகுப்பு அவருடையது. ஆஸ்பத்திரி கட்டப் பணம் கேட்டுப் போனபோது ஷெல் என்ற பணக்காரர் இறந்துபோன தன் மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார்.

1900 ஜனவரி 1-ம் தேதி திரும்பி வந்தார். அப்பாவோடு சேர்ந்து வேலை கற்றுக்கொள்ளலாம் என்று இருந்தார். சில மாதத்திலேயே அப்பா இறந்துவிட்டார். வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தார். நர்ஸ் கிடையாது. வீட்டில் வேலை பார்த்தவருடைய மனைவி சலோமி என்ற அம்மாதான் உதவி. ரெண்டு வருஷத்தில் 5,000 பேருக்கு வைத்தியம் பார்த்தார். 1902-ல் 40 கட்டில் உள்ள ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது. பெற்றவர்கள் இல்லாத குழந்தைகள் அங்கே வந்து சேர்ந்தால் தன் வீட்டிலேயே வைத்து வளர்த்தார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ரோட்டோர வைத்தியம்தான். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களைத் தேடி மாட்டு வண்டியில் கிராமங்களுக்குப் போனார். 1909-ல் ஒரு பிரெஞ்சு பெஜோ கார் வந்தது. மாடு இல்லாமல் வண்டி ஓடுவதைப் பார்த்து ஜனங்கள் பேய் என்று ஓடினார்களாம்! அப்புறம் பழகிவிட்டது. குடியாத்தம் ரோட்டில் வழக்கமான மரத்தடியில் கார் நிற்கும். மருந்துப் பெட்டி, நர்ஸ், உதவியாளர் எல்லாரும் இறங்குவார்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, கட்டி கீறுவது, கண்ணுக்கு மருந்து விடுவது, பல் பிடுங்குவது எல்லாம் அங்கேயே. தொழுநோய் வந்தவர்களை ஊருக்குள்ளேயே விட மாட்டார்கள், அவர்களும் ரோட்டோரம் காத்திருப்பார்கள். அங்கே பாட்டு, ஜெபம் எல்லாம் உண்டு. அவர்கள் ஊழியத்துக்கு வந்தவர்கள்தானே. ஆனா மருந்துக்குச் சாதி மதம் கேட்கவில்லை.

ஒரு ஆள் எத்தனை மரத்தடிக்குப் போக முடியும்? அதனால் 1909-ல் நர்ஸ் பயிற்சி ஆரம்பித்தார். 1918 ஆகஸ்ட் 12-ம் தேதி பெண்களுக்கு மட்டும் மருத்துவப் பள்ளி திறந்தார். பெண்கள் சேரவே மாட்டார்கள் என்று மேலே இருந்த அதிகாரி நினைத்தார். நிறையப் பேர் மனு போட்டார்கள். முதல் பரீட்சையில் 14 பேர் எழுதி 14 பேரும் பாஸ்! அப்போது ஆண்களில் ஐந்து பேருக்கு ஒருத்தர்தான் பாஸ். (பையன்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், இது நடந்த கணக்கு.)

பிறகு 1938-ல் எம்.பி.பி.எஸ். பட்டப்படிப்பு இருந்தால்தான் நடத்தலாம் என்று சட்டம் வந்தது. பள்ளி மூடிவிடும் நிலை. எழுபது வயசைத் தாண்டிய பாட்டி மறுபடியும் அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பணம் கேட்டார். 1942-ல் கல்லூரி பட்டப்படிப்பு தரும் கல்லூரியாக உயர்ந்தது. 1947-ல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஐடா அம்மையார் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1960 மே மாதம் கொடைக்கானலில் இறந்தார். வயசு 89. குடியாத்தம் ரோட்டில் கே.வி.குப்பத்தில் சி.எம்.சி.யின் கிராம மருத்துவமனை 1977-ல் வந்தது. எங்க ஆயாவுக்கு அந்த இடம் நல்லாத் தெரியும், டாக்டரம்மா பேர்தான் தெரியாது. நான் போன வாரம் சொன்னேன். அந்த ராத்திரிக் கதையை ரெண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டது.

மேலே உள்ள கார் படம் என் தோழி வரைந்தது. பெஜோ காரை அவளும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. மரம் மட்டும் நம்ம பள்ளிக்கூடத்துப் புளியமரம்.

9-ம் வகுப்பு மாணவி