சில்வண்டு சத்தத்தை எண்ணி வெப்பநிலை சொன்னவர்... யார் இந்த அமோஸ் டோல்பியர்?

மழை விட்ட ராத்திரி வத்தல்மலை, சித்தேரி, ஒகேனக்கல் என்று தர்மபுரி மாவட்டத்தில் எங்கே பைக்கை நிறுத்தினாலும் காதில் விழுவது ஒரே சத்தம்தான். 'கிரீச்... கிரீச்...' என்று விடாமல் கத்தும் சில்வண்டுகள். இந்தச் சத்தத்தை எண்ணினாலே அப்போதைய வெப்பநிலையைச் சொல்லிவிடலாம் என்று 1897-ல் ஒரு அமெரிக்கப் பேராசிரியர் எழுதினார். அது இன்று 'டோல்பியர் விதி'.

யார் இவர்? அவர் விதி நம்ம ஊர் சில்வண்டுக்கும் செல்லுமா?

டெலிபோனைத் தவறவிட்டவர்

அமோஸ் டோல்பியர் பூச்சியியல் படித்தவரே இல்லை. 1837-ல் கனெக்டிகட் மாநிலத்தின் நார்விச் நகரில் பிறந்த இயற்பியல்காரர். 1865-ல் ஒஹையோவில் கல்லூரி மாணவராக இருந்தபோதே நிலைக்காந்தமும் மெல்லிய உலோகத் தகடும் வைத்து டெலிபோன் ரிசீவர் ஒன்றைச் செய்தார். கிரஹாம் பெல் பேட்டன்ட் வாங்கியது 1876-ல்தான். ஆனால், டோல்பியர் காகித வேலையை முடிக்காமல் விட்டுவிட்டார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1888-ல் 4-3 என்ற கணக்கில் தீர்ப்பு பெல் பக்கம் சாய்ந்தது.

மனிதர் சும்மா இருக்கவில்லை. மாசசூசெட்ஸில் உள்ள டஃப்ட்ஸ் கல்லூரியில் 1874 முதல் பேராசிரியர். 1886-ல் கம்பியில்லாத் தகவல்தொடர்புக்குப் பேட்டன்ட் வாங்கினார். மார்கோனி களத்துக்கு வருவதற்குச் சுமார் பத்து வருஷம் முன்பு!

ஆனாலும் அவர் பெயர் நிலைத்தது, ஒரு சின்னக் கட்டுரையால்தான்.

சில்வண்டு தெர்மாமீட்டர்

1897 நவம்பரில் 'தி அமெரிக்கன் நேச்சுரலிஸ்ட்' இதழில் அந்தக் கட்டுரை வந்தது. ராத்திரியில் நிறைய சில்வண்டுகள் சேர்ந்து கத்தும்போது அவற்றின் வேகத்தை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது என்றார் டோல்பியர். 60 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நிமிடத்துக்கு 80 முறை. 70 டிகிரியில் 120 முறை. நம்ம செல்சியஸ் கணக்குக்கு மாற்றினால் ரொம்ப ஈஸி: 8 விநாடியில் எத்தனை முறை கத்துகிறது என்று எண்ணி, 5-ஐக் கூட்டினால் போதும். 16 முறை என்றால் சுமார் 21 டிகிரி.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பூச்சிகளின் உடல் சூடு சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. சூடு ஏறினால் தசைகள் வேகமாக இயங்கும். ஆண் சில்வண்டு ஒரு இறக்கையில் உள்ள அரம் போன்ற பகுதியை இன்னொரு இறக்கையின் ஓரத்தால் உரசித்தான் பாடுகிறது. தசை வேகமானால் பாட்டும் வேகமாகும்.

விட்டுப்போன இரண்டு பெயர்கள்

ஒரு பெயர், மார்கரெட் புரூக்ஸ். வெப்பநிலைக்கும் சில்வண்டுச் சத்தத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1881-லேயே 'பாப்புலர் சயின்ஸ் மன்த்லி'யில் எழுதியவர். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. டோல்பியர் கட்டுரைக்குப் பிறகுதான் அது வெளிச்சத்துக்கு வந்தது. அதற்குள் விதிக்கு வேறு பெயர் ஒட்டிக்கொண்டது. டெலிபோனில் பெல்லிடம் பெயரை இழந்தவர், சில்வண்டு விஷயத்தில் இன்னொருவருக்குச் சேர வேண்டிய பெயரைத் தனக்கே தெரியாமல் வாங்கிக்கொண்டார்.

இன்னொரு பெயர், அந்தப் பூச்சியுடையது. தான் எண்ணியது எந்தச் சில்வண்டு என்று டோல்பியர் எழுதவே இல்லை! மரங்களிலும் புதர்களிலும் வாழும் ஒரு வெளிர்நிறச் சில்வண்டாகத்தான் இருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் ஊகித்தார்கள். அதையும் ரொம்ப காலம் வேறொரு இனத்தின் பெயரில் அழைத்துவந்தார்கள். 1962-ல்தான் தாமஸ் வாக்கர் என்ற ஆய்வாளர் மரச் சில்வண்டுகளின் பாட்டுகளையும் ஒப்பிட்டு, அதற்கு 'ஈகாந்தஸ் ஃபுல்டோனி' என்று தனிப் பெயர் வைத்தார். டோல்பியர் 1910-லேயே இறந்துவிட்டார்.

அவர் பார்க்காமல் போனது இன்னொன்றும் உண்டு. 1913-ல் வியன்னாவில் இவான் ரீகன் என்ற ஆய்வாளர், ஆண் சில்வண்டின் பாட்டை டெலிபோன் வழியாகப் பெண் சில்வண்டுக்குக் கேட்கவைத்தார். பெண், நேராக ரிசீவரை நோக்கி வந்தது. டோல்பியரின் இரண்டு ஆர்வங்களும் ஒரே சோதனையில்!

தர்மபுரியில் செல்லுமா?

அப்படியே செல்லாது. அந்தக் கணக்கு ஒரு அமெரிக்க இனத்துக்கானது. ஒவ்வொரு இனத்துக்கும் வேகம் வேறு. அதே ஈகாந்தஸ் குடும்பத்துச் சில்வண்டுகள் தென்னிந்தியாவிலும் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ரோகிணி பாலகிருஷ்ணன் குழு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஈகாந்தஸ் ஹென்றியையும் ஈகாந்தஸ் இண்டிகஸையும் பாட்டு, உடலமைப்பு இரண்டையும் வைத்துப் பிரித்துக் காட்டியது. சூடு கூடினால் ஹென்றியின் பாட்டில் சுருதியே ஏறுகிறது என்றும் பதிவாகியிருக்கிறது. அதனால் வெப்பநிலை தெரியாமல் ஒரு பாட்டை மட்டும் கேட்டு, இது இந்த இனம்தான் என்று அடித்துச் சொல்வது ரிஸ்க்.

சரி, நாம் என்ன செய்யலாம்? அடுத்த முறை சித்தேரி போகும்போது, ஒரே ஒரு சில்வண்டின் அருகே போய் ஒரு நிமிடம் போனில் ரெக்கார்டு செய்யுங்கள். தேதி, நேரம், இடம் குறியுங்கள். முடிந்தால் பாடுகிற பூச்சியை ஒரு போட்டோ எடுங்கள். முக்கியமாக, வெப்பநிலை. வெதர் ஆப் காட்டுவது ஊரின் சூடு, புதரின் சூடு இல்லை. சின்ன தெர்மாமீட்டர் ஒன்றை அங்கேயே வைத்துப் பாருங்கள்.

ஒரு வரி குறிப்பு விட்டுப்போனதால் டோல்பியர் எண்ணிய பூச்சி எது என்று இன்றும் ஊகம்தான். உங்கள் போனில் இருக்கும் ரெக்கார்டிங்குக்கு அந்த நிலைமை வர வேண்டாம்.