சிற்றூர்ப் பள்ளிகள் கண்ட புக்கர் வாஷிங்டன்

அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில் 1856ஆம் ஆண்டு அடிமைத் தாயின் மகனாய்ப் பிறந்தவர் புக்கர் வாஷிங்டன். ஆண்டையின் மகளுடைய புத்தகங்களைப் பள்ளி வாயில்வரை அவர் சுமந்து சென்றதுண்டு. உள்ளே அமர உரிமை இல்லை. 1865இல் அடிமைத்தளை அகன்றது. உப்புக் காய்ச்சும் ஆலையில் உழைத்துக்கொண்டே எழுத்தறிந்தார். பின்னர் ஹாம்ப்டன் கல்விக்கூடத்தில் பயின்று ஆசிரியரானார்.

1881இல் அலபாமா மாநிலத்து டஸ்கீகி என்னும் ஊரில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி தொடங்கச் சென்றவர், முதலில் சுற்றியுள்ள சிற்றூர்களைக் கண்டு வந்தார். கறுப்பின மக்களின் பிள்ளைகளுக்கான பள்ளிகள் ஆண்டில் மூன்று முதல் ஐந்து திங்களே நடைபெற்றன. ஓரிடத்தில் ஒரே புத்தகத்தை ஐவர் படித்தனர். இருவர் அதனைக் கையில் ஏந்தியிருந்தனர். பின்னிருந்த இருவர் அவர்தம் தோள்வழியே நோக்கினர். ஐந்தாம் சிறுவனோ அந்நால்வருக்கும் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான்.

ஆண்டுகள் முப்பது சென்றும் அந்நிலை பெரிதும் மாறவில்லை. 1912இல் சிக்காகோ வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டு டஸ்கீகிக்குப் பெருந்தொகை வழங்கினார். அதில் ஒரு பகுதியைச் சிற்றூர்ப் பள்ளிகளுக்குச் செலவிட வாஷிங்டன் இசைவு பெற்றார். ஆறு பள்ளிகள் எழுந்தன. எனினும் நன்கொடை முழுச் செலவுக்கும் போதாது. ஊரார் தம் பங்கைத் தருதல் வேண்டும். அரசுக் கல்விக்குழு பள்ளியை ஏற்று நடத்துதல் வேண்டும். முன்னமே வரி செலுத்திய ஏழை மக்கள் மீண்டும் பொருள் தர நேர்ந்தது கொடுமையே. ஆயினும் அவர்கள் தயங்கவில்லை. நிலம் ஈந்தனர்; மரம் ஈந்தனர்; கூலியின்றி உழைத்தனர். சிலர் தம் கொல்லையில் ஒரு பகுதியை ஒதுக்கிப் பள்ளிக்கென்றே பருத்தி விளைத்தனர்.

வாஷிங்டன் 1915இல் மறைந்தார். 1932ஆம் ஆண்டிற்குள் 15 மாநிலங்களில் இத்தகைய பள்ளிகள் ஏறத்தாழ 5,000 எழுந்திருந்தன.